விழாத கை

பெரியண்ணன் மகன் சிவஞானம், வயது அறுபத்து நான்கு, இலங்கை மலையகத்தில் பெரகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தின் தப்பால்காரர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சீனி சுற்றி வந்த பத்திரிகைத் தாள்களை வாசித்தே தமிழைத் தம்வசப்படுத்தியவர். முப்பத்தோராண்டு தபால் பை சுமந்த அவருக்கு ஓர் ஆசை இருந்தது: தம் பெயரை அச்சில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்தப் பேறு ஒரு ரோபோவால் வாய்க்கவிருந்தது.

தோட்டத்துப் பெரிய கிளாக்கர் தர்மராசாவின் தம்பி கனடாவில் ஒரு தமிழ் மாத இதழ் நடத்தினார். இரண்டரை அடி உயர ரோபோ ஒன்றை அண்ணனுக்கு அனுப்பி, அதைப் பற்றி இதழுக்கு ஒரு விமர்சனமும் கேட்டிருந்தார். தர்மராசாவுக்குக் கணக்கு வரும்; வசனம் வராது. ஆகவே சிவஞானத்தை அழைத்தார்.

முதல் ஞாயிறு சிவஞானம் கோட்டு அணிந்து, கிளாக்கர் வீட்டு முன்னறையில் ரோபோவின் எதிரே அமர்ந்தார். வீடு கூட்டிக்கொண்டிருந்த தனலெட்சுமி காது கொடுத்தாள்.

"முகத்தில் பொறுமை காணப்படவில்லை. நிற்கும் விதம், வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் பிந்தி வந்து கங்காணியிடம் ஏச்சு வாங்குபவனைப் போன்றது" என்று எழுதியபடியே வாசித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"தப்பால் மாமா, அது கொழுந்து எடுக்குமா?"

"விரல் மடங்குது. ஆனா தலையில கொம்பு இருக்கு புள்ள. கூடைக் கயிறு நிக்காது."

பிறகு ரோபோவின் கைகளை முறுக்கிப் பார்த்து, குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதி மூடினார்.

தனலெட்சுமிக்கு அந்த மாதம் முக்கியமானது. ஆறு வருடமாகப் பேர்ப் பதிவு இல்லாமல் அன்றாடக் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தவள். அக்காள் வீட்டு அடுப்படியில் படுத்தவள். அந்த மாதம் தோட்டப் பேரேட்டில் பேர் பதிந்தால் நிரந்தர வேலை. லயத்து வரிசையில் சொந்தமாக ஓர் அறை, ஒரு காம்பரா. பதியும் பேனா தர்மராசாவின் கையில்.

அடுத்த ஞாயிறு சிவஞானம் வந்தபோது, ரோபோவின் இடது கை மேசைமேல் தனியே கிடந்தது. தனலெட்சுமி கதவோரம் அழுதுகொண்டிருந்தாள்.

"பாரும் சிவஞானம்! கனடாச் சாமான். முறிச்சுப் போட்டாள்!" என்றார் தர்மராசா.

"தூசி தட்டத் தூக்கினேங்க ஐயா, நழுவி விழுந்திருச்சு."

"உன்ர பேரைப் பதியிற கதை இனி இல்லை. நாளையில இருந்து இந்தப் பக்கம் வரவும் வேண்டாம்."

அவள் சிவஞானத்தின் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சிவஞானம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் சாமானுக்குத்தான் விமர்சகன், மனுசருக்கு இல்ல. உள்ளது உள்ளபடி எழுதணும்."

ஈரமில்லாத மனுஷன் என்று எண்ணி, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவரோ ரோபோவைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார்.

"விழுந்த கை ஒடஞ்சிச்சு, சரி. விழாத கை எப்படின்னு பாக்கணுங்களே ஐயா. ரெண்டையும் பாக்காம எழுதுனா விமர்சனம் ஆகாது."

இருவருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்தார். ஒரு தரம் பலமாக இருமினார்.

'டக்' என்றது.

திரும்பியபோது ரோபோவின் வலது கை அவருடைய இடக்கையில் இருந்தது. வலக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தார்.

"தொட்டேன், வந்திருச்சுங்க. அதே எடத்துல. இது செஞ்சவன் பழுது."

தர்மராசா இரண்டு கைகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப, தம்பி எனக்கு மலிவுச் சாமான் அனுப்பிப்போட்டான்."

"அப்படி எழுதட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாம்! அவன்ர பேப்பரிலயே அவனைக் குறை சொல்லுறதோ? விமர்சனத்தையே விடும்." பிறகு கதவைப் பார்த்தார். "நீ போய்க் கூட்டு, பிள்ளை. வாற திங்கள் ஒப்பீசுக்கு வா, பேரைப் பதியலாம்."

சிவஞானம் எழுதி வைத்திருந்த நான்கு தாள்களையும் ஒழுங்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். போகும்போது அவள் சொன்னாள்:

"நல்ல வேளை மாமா, அது முந்தியே பழுது."

"ஆமா" என்றார்.

பேர் பதிந்த அன்று மாலை, மனம் கேளாமல், நான்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் எடுத்துக்கொண்டு அவருடைய காம்பராவுக்குப் போனாள். அவர் வலது பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. நகம் கறுத்திருந்தது.

"என்னங்க மாமா இது?"

"தப்பால் பை கொக்கி கடிச்சிருச்சு. உக்காரு, தேத்தண்ணி ஊத்துறேன்."

அவர் அடுப்படிக்குப் போனார். பெட்டியின் மேல் குறிப்புப் புத்தகம் விரிந்து கிடந்தது. முதல் ஞாயிற்றுக்குரிய பக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும் புது மையால் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. தனலெட்சுமி எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

'தோள்கள் இரண்டும் இரும்புக்கு நிகர். முழுப் பலத்தையும் பிரயோகித்து முறுக்கினேன், அசையவில்லை.'

அவள் பேர் பதிந்த அந்த நாள் 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆம் தேதி, திங்கட்கிழமை.