ஏழாவது கை

"முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதம்மா" என்று முனிலட்சுமியிடம் தட்டை நீட்டினார் நாராயணப்பன். தட்டில் வெற்றிலை பாக்கு, ஆப்பிள், தளித் தோட்டத்திலிருந்து வரவழைத்த ரோஜாப்பூ. கட்டியிருந்த வேட்டியும் புதுசு.

பக்கத்து வீட்டு இருளாயி பிழிந்த துணியை வாளியிலேயே போட்டுவிட்டு வந்து நின்றாள். "பொண்ணு கேட்டு வந்தீங்களா? இந்த வீட்ல பொண்ணுன்னா மூணு வயசுல ஒண்ணுதாங்க இருக்குது."

"கமிட்டிக்கு ஆள் கேட்டு வந்திருக்கேன்."

"அதுக்குப் பொண்ணு கேக்கறதே சுலுவு" என்று இருளாயி வாளிக்குத் திரும்பினாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. பாகலூர் ரோட்டில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. கம்பெனிக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளைக் காலையில் விட்டுவிட்டு, ஷிப்ட் முடிந்து தூக்கிப்போவார்கள். அதை நடத்துகிற சங்கத்துக்கு நாராயணப்பன்தான் செயலாளர். கட்டடத்தின் வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. கமிட்டி கூடித் தீர்மானம் போட்டால்தான் புதுப்பிக்கலாம். இல்லாவிட்டால் தொட்டில்களை அவிழ்க்க வேண்டியதுதான்.

கமிட்டிக்கு ஏழு பேர். ஏழு பேரும் உட்கார்ந்து கை தூக்கினால்தான் எந்தத் தீர்மானமும் செல்லும். யாரும் டிமிக்கி கொடுக்கக்கூடாது என்று அந்த விதியை எழுதியவரே நாராயணப்பன்தான். இப்போது அவரையும் சேர்த்து ஆறு பேர். ஏழாவது ஆள் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் வீடு மாற்றிப் போய்விட்டார். தமிழ்நாட்டுச் சங்கம் கர்நாடகாவுக்குள் செல்லாது என்பது அவர் கட்சி.

மற்றவர்கள் போகாததற்குக் காரணம், நாராயணப்பன் விடாததுதான். யாராவது ராஜினாமாவோடு வந்தால் அவர் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துவிடுவார். ஒருமுறை பொருளாளர் துரத்திக்கொண்டே வர, கெலவரப்பள்ளி அணையில் எருமைகளுக்கு நடுவே மூக்கு மட்டும் தெரிய அரை நாள் நின்றார். எருமைகள் கரையேறிய பிறகும் பொருளாளருக்கு அடையாளம் தெரியவில்லை.

முனிலட்சுமி தட்டைத் தொடவில்லை. இடுப்பில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு என்ன சார் தெரியும்? கம்பெனில டப்பா அடுக்கறவ நானு."

"ஒண்ணும் தெரிய வேண்டாம்மா. எல்லாரும் கை தூக்கறப்ப நீயும் தூக்கு. எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம். நானே அப்படித்தான்."

"காப்பகத்த மூடிட்டா இவள எங்க சார் விடுவேன்? வேலைக்கே போவ முடியாது."

"அதுக்குத்தாம்மா ஏழாவது கை."

அவள் தட்டை வாங்கிக்கொண்டாள்.

தெருமுனைக்கு வருவதற்குள் போன் அடித்தது. துணைத்தலைவர் மணிவேல்; சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். கூட்டம் என்று யார் கூப்பிட்டாலும் பார்டர் தாண்டிப் பொம்மசந்திராவில் இருப்பதாகச் சொல்கிற மனிதர். இந்த ஒரு மாதமாக அவரே காலையும் மாலையும் கூப்பிடுகிறார்.

"ஆளு கெடச்சுதாண்ணா?"

"கெடச்சுதப்பா. நம்ம காப்பகத்துக் கொழந்தையோட அம்மாதான்."

"அப்பாடா. கேள்வி கீள்வி கேக்கற ஆளு இல்லியே?"

"பூ மாதிரி பொண்ணு."

"ஞாயித்துக்கெழம நானே கார் எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். பஸ்ஸுக்கு நிக்க வெக்காதீங்க, பாவம்."

நாராயணப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதனுக்குப் பொறுப்பு வர இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காப்பகத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. வழக்கமாக அவருடையதும் ஆயாவுடையதும்தான் கிடக்கும். அப்படியே வந்தாலும், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையிலும் கொட்டாவி விடுகிற கமிட்டி அது. இன்றைக்கு ஒருவர் வாய்கூடப் பிளக்கவில்லை. எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

முனிலட்சுமியை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். அணைவரைக்கும் துரத்திய அதே பொருளாளர், அவள் குழந்தைக்குப் பிஸ்கட் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலியிடத்தை நிரப்பச் செயலாளர் கையெழுத்தே போதும். நாராயணப்பன் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். முனிலட்சுமி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஆயா போடுகிற டீ மரியாதை இல்லை என்று நாராயணப்பனுக்குத் தோன்றியது. "நீங்க படிக்க ஆரம்பிங்கப்பா, இதோ வந்துட்டேன்" என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடினார். ஏலக்காய் போடச் சொல்லி நின்று வாங்கினார்.

திரும்பி வந்தபோது, மணிவேல் ஆடிட்டர் எழுதிக் கொடுத்த இங்கிலீஷ் தீர்மானத்தைப் படித்து முடித்துவிட்டுக் கை தூக்கி நின்றிருந்தார். அறையில் ஆறு கைகள் மேலே இருந்தன. அதில் உயரமாக இருந்தது முனிலட்சுமியின் கைதான். சொன்னபடி செய்துவிட்டேன் என்பதுபோல அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிஸ்கட் வாயோடு அவள் மகளும் ஒரு கையைத் தூக்கியிருந்தாள்.

சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து நாராயணப்பன் காணாத காட்சி. நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசற்படியில் நின்றபடியே தன் கையையும் தூக்கினார்.

மணிவேல் ஒவ்வொரு கையாகப் பார்த்து எண்ணி, பேனாவை மூடினார்.

அதன் பிறகுதான், தன் வழக்கப்படி, நாராயணப்பன் கேட்டார்.

"எதுக்குப்பா தூக்கினோம்?"

"சங்கத்தக் கலைக்கறதுக்குண்ணா."