அடுப்புக்கடியில் ஆக்டோபஸ்

குழாய் ஒழுகுகிறதென்று சமையலறைத் தரையைப் பெயர்த்த ஃபுல்வியோ அப்படியே மண்டியிட்டுவிட்டார். அடியில், பொடிக்கற்கள் பதித்துச் செய்த ரோமானியர் காலத்து ஆக்டோபஸ் ஓவியம்.

“ஒர்னெல்லா, அந்தக் கண்ணைப் பாரேன். ரெண்டாயிரம் வருஷமா முழிச்சுக்கிட்டே இருந்திருக்கு.”

“அழகாத்தான் இருக்கு. அதான் பயமாவும் இருக்கு. சிமெண்ட்டைப் போட்டு மூடுங்க,” என்றாள் மனைவி. “தொல்லியல் அதிகாரியோட குணம் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மரீசா அவ்வளவு அழுதும், அவ சமையலறையை மூணு வருஷமா பூட்டியே வச்சிருக்காரே, அந்த மனுஷன்.”

“எட்டுக் கையும் அசையுற மாதிரியே இருக்கு.”

“மூடப்போறீங்களா, இல்லையா?”

ஃபுல்வியோ பெருமூச்சோடு எழுந்தார். தன் அலுவலகப் பையிலிருந்து தடை உத்தரவுத் தாளை எடுத்து, ‘தொல்லியல் அதிகாரி’ என்ற இடத்தில் கையெழுத்திட்டு, சமையலறைக் கதவில் ஒட்டினார்.

“மரீசாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க,” என்றாள் ஒர்னெல்லா. “மூணு வருஷத்துல இன்னிக்காவது சிரிப்பா.”