பல்லி உத்தரவு

இது சிரிக்கிற கதை. ஆனால் சிரிப்பு உடனே வராது. முதலில் எங்கள் ஆச்சி சாமி கும்பிட்டு முடிக்க வேண்டும். ஆச்சி சீக்கிரம் முடிக்கிற ஆள் இல்லை.

ஆச்சி பெயர் வள்ளித்தாய். அப்பாவைப் பெற்றவள். பொழுது விடிந்தால் முருகன், அடைந்தால் முருகன். கழுகுமலை முருகன் கோயில் இருக்கிற திசையில் காலை நீட்டிப் படுக்க மாட்டாள்.

எந்தக் காரியமானாலும் விளக்கேற்றி, கண்ணை மூடி, முருகனிடம் சத்தமாகக் கேட்பாள். எங்கிருந்தாவது பல்லி கத்தினால் உத்தரவு. கத்தாவிட்டால் இல்லை. அப்பா கொம்பையா கரிசல் காட்டில் விதை போடுவதுகூட ஆச்சி கேட்டுச் சொன்ன பிறகுதான்.

இப்போது என் சங்கதி. என் பெயர் பூங்கொடி. யார் குரலானாலும் எனக்கு வரும். பஸ் கண்டக்டர், பெரிய டீச்சர், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர், தொலைந்த கோழியைத் தேடும் பக்கத்து வீட்டு வேலுத்தாய் அத்தை. ஒருநாள் அடுப்படியில் நின்று நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்துப் பார்த்தேன். பல்லியும் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆச்சி தரையை விரலால் தட்டி, "உத்தரவாயிட்டு, முருகா" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டை நான்தான் நடத்தினேன்.

"முருகா, பிள்ளைக்கு அதிரசம் சுடட்டா?"

"ச்சு ச்சு ச்சு ச்சு."

"இந்தப் பல்லிக்கு இனிப்புன்னா உசுரு போல" என்றபடி ஆச்சி மாவு இடிக்கப் போவாள்.

"முருகா, இவளைப் பருத்தி எடுக்கக் கூட்டிட்டுப் போவட்டா?"

ஒரு சத்தமும் வராது.

"பல்லிக்கு வெயில் ஆவாது" என்று தனியாகவே போவாள்.

அப்பாவுக்கு மட்டும் ஒரு தடவை சந்தேகம் வந்தது.

"எம்மா, இந்தப் பல்லி ஏன் எப்பவும் அடுப்படியிலயே கெடக்கு?"

"சோறு அங்கனதானலே இருக்கு" என்றாள் ஆச்சி.

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு வருஷம் எங்கள் காட்டில் உளுந்து போடச் சொன்னதே நான்தான். நன்றாகத்தான் விளைந்தது.

பத்தாவது ரிசல்ட் வந்தது. பாஸ். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் அத்தோடு சரி. மேலே படிக்கக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏற வேண்டும்.

"பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்" என்றார் அப்பா. "தீப்பெட்டி ஆபீஸ் வேன் வாசலுக்கே வருது. திங்கக்கிழமையிலருந்து அவ அம்மா கூட ஏறிப் போவட்டும்."

அம்மா அப்போதுதான் அந்த வேனிலிருந்து இறங்கி வந்திருந்தாள். விரலில் ஒட்டிய தீக்குச்சி மருந்தைக் கழுவப் போனாள்.

நான் அழவில்லை. கைவசம் பல்லி இருக்கிறவள் எதற்கு அழ வேண்டும்?

"எதுக்கும் முருகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவமே" என்றாள் ஆச்சி.

"கேளு எம்மா. அவன் என்ன சொன்னாலும் சரி."

ஆச்சி விளக்கேற்றினாள். நான் மெதுவாக அடுப்படிப் பக்கம் நகர்ந்தேன்.

"ஏட்டி, எங்க போற? உன் காரியம்லா! இங்கன வந்து உக்காரு. சாமி முன்னாடி வாயைப் பொத்திக்கிட்டு இரு" என்றார் அப்பா.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைப் பொத்தினேன்.

"முருகா, கழுகுமலையானே, பூங்கொடி கோவில்பட்டிக்குப் படிக்கப் போவட்டா?"

நாக்கை அண்ணத்தில் ஒட்டினேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கைக் கீழே இறக்கிவிட்டேன்.

டியூப்லைட் ஓரத்தில் நிஜப் பல்லி ஒன்று இருந்தது. கண்ணாலேயே அதைக் கெஞ்சினேன். அது ஒரு பூச்சியைப் பிடித்தது. தின்றது. முருகன் படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

எனக்கு வேன் ஹாரன் கேட்க ஆரம்பித்தது.

ஆச்சி தரையை விரலால் தட்டினாள். "உத்தரவாயிட்டு, முருகா."

"எம்மா, எனக்குக் கேக்கலியே."

"டிராக்டர் ஓட்டி ஓட்டி உனக்குக் காது அடைச்சிட்டுலே. கிழக்க கத்துச்சு. நல்ல திசை."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, உனக்குக் கேட்டுச்சா?"

பொத்திய வாயோடு பலமாகத் தலையாட்டினேன்.

அப்பா கொஞ்ச நேரம் கிழக்குச் சுவரைப் பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகனே சொன்ன பொறவு நான் யாரு?" என்று எழுந்து, பஸ் பாஸ் எப்படி எடுப்பது என்று விசாரிக்க டீக்கடைக்குப் போனார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் கத்தாமலே ஆச்சிக்குக் கேட்கிறது! கிழவியை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்!

ஆச்சி எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். மற்ற நாளில் மூன்று நான்கோடு முடியும். இது நிற்கவே இல்லை. அடி ஒவ்வொன்றும் சத்தமாக விழுந்தது.

"உத்தரவுதான் வந்துட்டுல்லா ஆச்சி? பொறவு எதுக்கு இந்தப் போடு போடுத?"

ஆச்சி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இத்தனை நாளும் நீ அடுப்படியில நின்னு கத்தும்போது, முருகன்தான் பிள்ளை வாயால சொல்லுதான்னு எடுத்துக்கிட்டேன். இன்னைக்கு நீயும் கத்தல, பல்லியும் கத்தல. அவன் முன்னாடி உக்காந்துக்கிட்டே, அவன் பேரைச் சொல்லி ஒரு பச்சைப் பொய் சொல்லிருக்கேன். தள்ளி உக்காருட்டி, எனக்கு இன்னும் போட வேண்டியது கெடக்கு."