தாத்தாவுக்குப் பக்கத்துக் கட்டம்

காலையில அப்பா விட்ட அறையில கன்னம் இன்னும் திகுதிகுன்னு எரியுது. அந்தக் கன்னத்தோடயே கோர்ட்டு ரெக்கார்டு ரூமுக்கு வந்து உக்காந்துட்டா தையல்காரி.

நாப்பத்தஞ்சு வயசு மகளை எழுபது வயசு மனுஷன் அடிக்கிறாருன்னா, அவ அப்படி என்னதான் பண்ணிட்டா? வம்சாவளி எழுத ஆரம்பிச்சா. அவ்வளவுதான்.

சார்ட்டு பேப்பர்ல கட்டம் கட்டமாப் போட்டுக்கிட்டே வந்தவ, தாத்தாவுக்குப் பக்கத்துக் கட்டத்துல நின்னுட்டா. அது தாத்தாவோட தம்பி. கூடப்பொறந்த அண்ணனையே குத்திக் கொன்னுட்டு ஜெயில்லயே செத்துப்போனவரு. அந்த ஆளு பேரைக்கூட வீட்டுல யாரும் சொன்னதில்ல.

"அவன் பேரை எழுதின, கையை ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்"னாரு அப்பா. சொன்னதோட விட்டாரா? பளார்னு ஒண்ணு.

அதான் ரோஷத்துல கிளம்பி வந்துட்டா. பேரு தெரியாம வீட்டுக்குப் போறதில்லன்னு.

தாத்தா பேரையும் கொலை நடந்த வருஷத்தையும் சொன்னதும், கிளார்க்கு பழைய ஃபைல் கட்டு ஒண்ணைக் கொண்டாந்து தொப்புனு போட்டாரு. "பழைய கொலைக் கேசுக்கெல்லாம் எலிதான்மா வாரிசு. பாத்துப் புரட்டுங்க."

மொதப் பக்கத்துலயே பேரு இருந்துச்சு. நோட்டுல எழுதிக்கிட்டா. நல்ல பேருதான், பாவம்.

அதோட எந்திரிச்சிருக்கலாம். புரட்டினா.

தாத்தா மரவாடியில வேலை. அன்னைக்கு மத்தியானமே குடிச்சிட்டு வந்து, பாட்டி தலைமுடியை ஒரு கையில சுத்திப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில ரீப்பர் கட்டையால மூஞ்சியிலயே அடிச்சிருக்காரு. தாடை ரெண்டு எடத்துல ஒடைஞ்சு, மூணு பல்லு தரையில. பாட்டியால வாயைத் தொறக்க முடியாததால வாக்குமூலம் வாங்கலன்னு எழுதியிருக்கு.

அப்புறம் தாத்தா உடம்புல பதினோரு குத்து. தொடையில பெரிய நரம்பு அறுந்து, ரத்தம் வாசல் தாண்டி ரோட்டுக்கு வந்துடுச்சாம். கத்தி ரெண்டு இன்ச்சு. பென்சில் சீவுற மடக்குக் கத்தி.

தம்பிக்காரரு ரத்தச் சட்டையோட தானே ஸ்டேஷனுக்கு நடந்து போயி, நான்தான்னு நின்னிருக்காரு. மூட்டை தூக்குறவரு. ஆறடி ஆளு.

அடுத்த பக்கத்துல டாக்டர் ஒவ்வொரு குத்தையும் குதிகால்லேருந்து அளந்து வெச்சிருக்காரு. இருபத்தாறு இன்ச்சு. இருபத்தொம்பது. முப்பது. முப்பது. எல்லாத்துக்கும் மேல உள்ளது முப்பத்திமூணு.

தையல்காரி விரல் அந்த எடத்துலயே நின்னுடுச்சு.

இருவது வருஷமா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவ. டிராயர் பட்டி தரையிலேருந்து முப்பது இன்ச்சுல உக்காந்தா அந்தப் பிள்ளைக்கு என்ன வயசுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா.

அந்த உயரம் ஜட்ஜுக்கும் உறுத்தியிருக்கு. இவ்ளோ பெரிய ஆளு, குத்து ஒண்ணுகூட நெஞ்சுல இல்லையே, எல்லாம் எப்படி இடுப்புக்குக் கீழேன்னு கேட்டிருக்காரு.

"நான் உக்காந்துக்கிட்டுக் குத்தினேங்கய்யா"ன்னு பதில் சொல்லியிருக்காரு அந்த மனுஷன்.

உக்காந்து குத்தினா அந்த உயரம் வருமாம். அதையும் நம்பி ஆயுள் தண்டனை எழுதிட்டாங்க.

கடைசித் தாள்ல, சம்பவத்தப்ப வீட்டுல இருந்தவங்கன்னு மூணே வரி. இறந்தவரோட தம்பி. இறந்தவரோட சம்சாரம். இறந்தவரோட மகன், வயசு எட்டு.

அப்பா.

கன்னத்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டா. எரிச்சல் போன எடம் தெரியல.

"நகல் வேணும்னா மனு எழுதிக் குடுங்கம்மா, நாலு நாள்ல கிடைச்சுடும்"னு கிளார்க்கு பேப்பரை நீட்டினாரு.

அவ ஃபைல் கட்டை மூடி, கயித்தை இழுத்து ரெண்டு முடிச்சுப் போட்டா.

"வேணாம் சார். இது வேற யாரோ குடும்பம்."