காலண்டரில் ஏழு உண்ணிகள்

“உங்க மானுங்கதான் எங்க தோட்டத்துல உண்ணியை உதிர்த்துட்டுப் போகுது. எங்கப்பா முட்டியைப் பாருங்க, முலாம்பழம் மாதிரி வீங்கிக் கிடக்கு.” கல்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வெர்னா கத்திக்கொண்டிருந்தாள்.

“நான் மானுக்கு ஆப்பிள் போடறேன். உண்ணியை எங்க உதிர்க்கணும்னு அதுக்குப் பாடமா எடுக்கறேன்?” என்றாள் அந்தப் பக்கத்து லூசிண்டா பீபி. “உங்கப்பா மூஞ்சில முழிச்சு நாலு வருஷமாச்சும்மா. அந்த ஆளு முட்டி எப்படிப் போனா எனக்கென்ன?”

எதிர் வீடுகளில் இரண்டு ஜன்னல் திரைகள் விலகின. சர்ச் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கனெக்டிகட் ஆற்றோரத்துச் சின்ன ஊரில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு யாருக்குக் கிடைக்கும்?

தகராறுக்குக் காரணமான எல்மர் பெக், வாசல் நாற்காலியில் முட்டியைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. மனைவி போய் ஆறு வருஷம். சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற மனிதர், சத்தம் என்றாலே காது சிவந்துவிடும்.

வெர்னா கையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். ரொட்டி எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ரொட்டி டப்பாவுக்கு நேர் மேலே, வருஷம் முழுவதும் ஒரே தாளில் அச்சடித்த காலண்டர் தொங்கியது. அதில் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, ஏழு தேதிகளின் மேல் டேப் போட்டு ஏழு உண்ணிகள். பிடுங்கிய உண்ணியைத் தூக்கியெறியாமல் இப்படி ஒட்டி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம்தான். நாளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டருக்குக் காட்டலாம். ஆனால் வெர்னா ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் எட்டாவது மாடிக்குக் குடிபோய்ப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டதில், அவளுக்கு இதெல்லாம் மறந்துபோயிருந்தது.

ஒன்று ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி சாம்பல் நிறத்தில் பருத்திருந்தது. இன்னொன்று டேப்புக்கு அடியில் நசுங்கி, ஐந்தாம் தேதியைச் சுற்றிப் பழுப்புக் கறையாகக் கசிந்திருந்தது. புதிதாக ஒட்டியது இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் குறிப்பு: ‘இடது அக்குள்’, ‘முழங்கால் மடிப்பு’, ‘நடு முதுகு’.

அவள் பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு தடவை கை கழுவினாள்.

“அப்பா, சாப்பிடற இடத்துல இந்தக் கண்றாவியா?”

“அது பாட்டுக்கு இருக்கு. உன்னைக் கடிக்கவா போகுது?”

“காப்பில உப்பைப் போடறீங்க. அடுப்பை அணைக்க மறந்துடறீங்க. தோட்டத்துப் புல்லை மொட்டை அடிச்சிருக்கீங்க, அப்புறமும் உடம்புல ஏழு உண்ணி. இனிமே உங்களைத் தனியா விட முடியாது. முதியோர் விடுதியில சொல்லி வச்சுட்டேன். டாக்டர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

“நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன் வெர்னா.”

“அதை டாக்டர் சொல்லட்டும்.”

மறுநாள் காலை, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக் காலண்டரைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டாள். அப்பா எந்த அளவுக்குக் கெட்டுப்போயிருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

டாக்டர் மெடைரோஸ் முட்டியை அழுத்திப் பார்த்தார். சட்டையைத் தூக்கச் சொன்னார். முதுகின் நடுவில் சிவப்பாக ஒரு வட்டம், அதைச் சுற்றி வெளுப்பு, அதற்கும் வெளியே இன்னொரு சிவப்பு வளையம். வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உண்ணிக் கடியால வர்ற லைம் நோய்தான், எனக்குச் சந்தேகமில்ல. முட்டி வீக்கம் போன வருஷத்துக் கடியா இருக்கும். இந்த வளையம் புதுசு,” என்றார் டாக்டர். “ரத்தம் எடுத்துடலாம், மாத்திரையும் இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம். அசதி, மறதிகூட இதனால வரலாம். இது எப்ப வந்தது எல்மர்?”

“போன செவ்வாய்க்கிழமை. காலைல எந்திரிக்கும்போது இருந்தது.”

வெர்னா விடுதிப் படிவத்தை நீட்டினாள். “டாக்டர், ‘தனியே வாழ இயலாதவர்’னு இங்க ஒரு கையெழுத்து.”

டாக்டர் பேனாவைத் திறந்தார். பிளாஸ்டிக் பைக்குள் இருந்த காலண்டரை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை மூடிவிட்டார்.

“நடு முதுகுல இருந்த உண்ணியைத் தலை அறுந்து போகாம முழுசா இடுக்கியால எடுத்திருக்கு. அந்த வளையத்தையும் வந்த அன்னிக்குக் காலைலயே பார்த்திருக்கு,” என்றார். “எல்மர், உங்க கைக்கும் கண்ணுக்கும் அங்க எட்டாதே?”

எல்மரின் காது இரண்டும் தக்காளியாகச் சிவந்தன. கூரையைப் பார்த்தார்.

பதில் அக்டோபரில் வந்தது, சர்ச்சில், கல்யாண மணியோடு. முட்டி வீக்கம் வற்றியிருந்தது. காப்பியில் சர்க்கரை திரும்பியிருந்தது. உண்ணித் தொல்லை அதிகமில்லாத பாலைவன அரிசோனாவுக்கு அடுத்த வாரம் குடிபோகவிருந்த வெர்னா, கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு மாதமாக அரித்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டேவிட்டாள்.

“நல்ல தார் ரோடு இருக்கும்போது, எங்கப்பா எதுக்குத் தினம் சாயங்காலம் அந்தச் சுவரை ஏறிக் குதிச்சு, உங்க பக்கத்து இடுப்பளவு புல்லுல புகுந்து வந்தாரு?”

மணப்பெண் லூசிண்டா, ஜன்னல் திரை புகழ் எதிர்வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்த மேஜையைக் கண்ணால் காட்டினாள்.

“ரோட்டுல வந்தா ஊரு பார்க்குமேம்மா.”