ஆறு மணி போட்டோ

தினமும் கோயில் மணி அடிக்கும் மாலை ஆறுக்கு ஸ்தனிஸ்லாஸின் டி.டி.பி. சென்டரில் சர்வர் செத்துவிடும். மூன்று நாள் குடைந்த மெக்கானிக் யாசின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

“அண்ணே, நெட்வொர்க்ல ஒரே ஃபைலைக் கீழயும் மாடியிலயும் ஒண்ணாத் திறந்தா சர்வர் கிராஷ் ஆகுது. மாடியில யாரு?”

“என் சம்சாரம். மூணு வருசமாப் பேச்சில்ல. டைப் அடிச்சதை நெட்வொர்க்ல போட்டுருவா, நான் பிரிண்ட் எடுத்துக்குவேன்.”

“ஆறு மணிக்குத் திறக்குறது அதில்லண்ணே. ‘ஏஞ்சலின் புதுநன்மை’ன்னு ஒரு போட்டோ.”

ஸ்தனிஸ்லாஸின் மகள் ஏஞ்சலின் முதல் நற்கருணை வாங்கிய நாளில் எடுத்தது. மகளை அடக்கம் செய்த அன்றே படங்களையெல்லாம் எரித்துவிட்டு, “இனி அவ பேரை எடுக்காதீங்க” என்றவள் மனைவி சகாயராணி. அவளுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்து, தினமும் கோயில் மணி அடிக்கையில் அவர் திறந்து பார்க்கும் ஒரே படம் அது.

“சரிபண்ணிரவாண்ணே?”

“வேணாம்ப்பா.”

மாடிப்படியருகே போய்க் குரல் கொடுத்தார்.

“ராணி, கீழ வாரியா? ஒரு கம்ப்யூட்டர்லயே பாப்போம்.”