ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்

ஆழ்கடலிலிருந்து ஏறிவந்த ஜெனோவாவை, நீர்மட்டத்துக்கு ஐந்து மீட்டர் மீதியிருக்கையில் அவள் கைக்கடிகாரம் கத்தி நிறுத்தியது. “மூன்று நிமிஷம் இங்கேயே நில்!”

காலில் மாட்டியிருந்த துடுப்புகளுக்குப் பொறுக்கவில்லை. “படகு தலைக்கு மேலேயே நிற்குது. பெரிய கன்னிமாடத்து மதர் சுப்பீரியர்னு நினைப்பாடி உனக்கு?”

“இவள் ரத்தத்தில் கரைந்த வாயு மெதுவாக வெளியேறணும். அவசரப்பட்டால் சோடாவாட்டம் பொங்கும். கால் விளங்காமல் போனால் உங்களை எதில் மாட்டுவாளாம்?”

துடுப்புகள் கேட்காமல் ஓர் உதை உதைத்தன. கடிகாரம் அலறிய அலறலில் ஜெனோவா நங்கூரக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூன்று நிமிடமும் முழுசாகக் கழிந்தது.

படகை எட்டியதும், ஏணியேற இடைஞ்சலென்று துடுப்புகளைத்தான் முதலில் கழற்றிப் படகுக்குள் எறிந்தாள். பிறகு தன் காலாலேயே துள்ளி ஏறி, கடிகாரம் கட்டிய கையை வானத்துக்கு உயர்த்திக் கூவினாள்.

அந்த உயரத்திலிருந்து கடிகாரம் துடுப்புகளைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.